காலண்டருக்குப் பின்னால் ஒரு வீடு

என் வீட்டுக்காரர் அகஸ்டின் தன் வாழ்நாளில் ஒரு ஓட்டையையும் அடைத்ததில்லை. மறைத்திருக்கிறார். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆமத்தூரில் ஆள் கிடையாது. சுவரில் விரிசலா, ஒரு காலண்டர். காரை பெயர்ந்துவிட்டதா, இன்னொரு காலண்டர். ஸ்விட்ச் போர்டைக் கழற்றிய இடம் பொக்கென்று கிடக்கிறதா, அங்கே சின்னதாக ஒரு தினசரிக் காலண்டர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். சாயங்காலம் ஆனால் சிவகாசி கம்பெனிகளுக்குக் காலண்டர் படமும் பட்டாசுப் பெட்டி லேபிளும் வரைந்து கொடுப்பார். அதனால் வருடம் பிறந்தால் எங்கள் வீட்டுக்குக் காலண்டர் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். காலையில் எழுந்ததும் வீடு முழுக்கச் சுற்றி வந்து ஒவ்வொன்றிலும் தேதி கிழிப்பார். கேட்டால் அதுதான் வாக்கிங் என்பார்.

நான் இசபெல். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். சமையலறைக்கு ஜன்னல் இல்லை. என் மாமனார் கட்டிய வீடு அது. சோறு எங்கிருந்தோ தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டே கட்டியிருப்பார் போல. காற்றோட்டம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் நோயாளிகளிடம் கத்துவேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொந்துக்குள் நின்று மிளகாய் வத்தல் தாளிப்பேன். விருதுநகர் வத்தல். எண்ணெயில் விழுந்தால் தெருவே தும்மும்.

"இங்கன ஒரு சன்னல் வச்சுக் குடுங்க" என்று கேட்டேன். உடனே எழுந்துவிட்டார், அதில் குறையே சொல்ல முடியாது. அடி ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வந்து சுவரில் அழகாக ஒரு கட்டம் போட்டார். கம்பி எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அம்புக்குறிகூடப் போட்டார். கையைத் தட்டிவிட்டு, "சீசன் முடியட்டும் இசபெல், ஒடைச்சிருவோம்" என்றார்.

சீசன் முடிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு சீசன் முடிந்தால் இன்னொன்று வாசலில் நிற்கும். தீபாவளிக்கு லேபிள் ஆர்டர், அது ஓய்ந்தால் காலண்டர் ஆர்டர், அதுவும் ஓய்ந்தால் பள்ளிக்கூடப் பரீட்சை. பென்சில் கட்டம் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சண்டைக்குப் போகிறேன் என்று ஒருநாள் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார். பனிமலை, பச்சைப் புல்வெளி, நடுவில் ஓர் ஏரி. "இந்தா பாரு, இதைவிட நல்ல வியூ எந்தச் சன்னல்ல தெரியும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் கையில் இருந்த தோசைக்கரண்டியைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு வருடா வருடம் அந்த ஆணியில் புது மலை ஏறும். ஒருமுறை பொறுக்க மாட்டாமல் நானே சங்கிலிமுத்து கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் டியூட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள், அவருக்குக் காபி கொடுத்து, கையில் ஒரு காலண்டரும் கொடுத்து அனுப்பிவிட்டார் மனிதர். கேட்டதற்கு அதே பதில்தான். சீசன் முடியட்டும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடாதீர்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எனக்கு முன்னால் கிளம்பி நிற்பார். ஒரே ஒரு கோளாறு. ஒரு பொருளுக்குப் பதிலாக அதன் படம் இருந்தால் அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அதுதான் எங்கள் குடும்ப வரலாறு.

போன மழைக்காலத்தில் கொல்லைக் குளியலறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தேன். முழங்கால் போனது. ஏற்கெனவே தாளிப்புப் புகையில் இருமி இருமி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளியூரில். "இந்த வீட்டை வித்துட்டு சூலக்கரைப் பக்கம் போயிருவோம்" என்றேன். அங்கே சின்னதாக ஒரு தரைத்தள வீடு விலைக்கு இருந்தது. பார்க்கப் போனோம். அவர் கூடத்தை அளந்தார், படுக்கையறையை அளந்தார். நான் நேரே சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடைக்கு மேல் ஒரு ஜன்னல். திறந்தேன். காற்று முகத்தில் அடித்தது. மற்ற அறைகளை நான் பார்க்கவே இல்லை. "இந்த வீடுதான்" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ஈஸ்டருக்குள் முழுத் தொகையும் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆமத்தூர் வீடு விற்றால்தான் சூலக்கரை ஜன்னல். அவ்வளவுதான் கணக்கு.

புரோக்கர் ஜெயபாண்டி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "சார், வீடு ரொம்பப் பழசா இருக்கு. கொஞ்சம் புதுசாக்கிக் காட்டுனாத்தான் பார்ட்டி நிக்கும்" என்றார்.

அகஸ்டினுக்குக் கண் பளபளவென்று மின்னியது.

பெயிண்ட் கடையில் மிஞ்சிப்போன அடிவண்டல்களை எல்லாம் சல்லிசாக வாங்கி வந்தார். பச்சை, மஞ்சள், சிமெண்ட் கலர், யாரோ கல்யாண வீட்டுக்கு அடித்த ரோஸ். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி வீடு முழுக்க அடித்தார். இது பிஸ்தா நிறம் என்றார். பின்வீட்டுக் குருவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நர்சம்மா, சுவத்துக்குக் கம்மாத் தண்ணியையா அடிச்சிருக்கீக?" என்று கேட்டாள். எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீருக்கே அவமானம்.

வாசல் தூணைக் கோழி இறகால் கோடு இழுத்து மார்பிள் ஆக்கினார். பிளைவுட் கதவில் தேக்கு ரேகை வரைந்தார். கொல்லைக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னால் என்ன விலை விற்கிறது தெரியுமா என்று மூக்கால் அழுதுவிட்டு, சுவர் முழுக்க டைல்ஸை வரைந்தே முடித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மூலையில் வெள்ளையாக ஒரு பளபளப்பு வேறு. சும்மா சொல்லக்கூடாது, நானே தொட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். டைல்ஸ் எல்லாம் நீலமாக என் காலடியில் ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

"வாட்டர் கலர்ல அடிச்சா வழியாம என்ன செய்யும்?" என்று கத்தினேன்.

"பார்ட்டி வந்தா பாக்கத்தான போறாக, குளிக்கவா போறாக?" என்றார்.

அப்புறம்தான் அந்தப் பெரிய யோசனை வந்தது. வருகிறவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறார்களோ அந்தச் சாமி காலண்டரை மாட்டினால் வீட்டுக்குள் நுழைந்ததும் மனசு ஒட்டிக்கொள்ளுமாம். இந்தப் புத்தி வேறு ஊர்க்காரனுக்கு வராது. வீட்டில் எல்லாச் சாமியும் கட்டாக இருந்தால்தானே வரும். ஜெயபாண்டி போனில் பெயரைச் சொல்வார். இவர் பெயரை வைத்து மதத்தைக் கண்டுபிடித்து ஏணி போட்டு ஏறிவிடுவார். விரிசலும் ஓட்டையும் அதே இடத்தில் இருக்கும், மேலே தொங்குவது மட்டும் மாறும்.

முதல் பார்ட்டி ஜாபஸ். பேங்கில் வேலை. "சி.எஸ்.ஐ. காரங்க, படம் ஆகாது" என்று சுவர் முழுக்க பைபிள் வசனக் காலண்டராக மாட்டினார். கூடத்து மாதா படத்தைக் கழற்றப் போனார். "மாதா மேல கை பட்டுச்சு, இன்னைக்குச் சோறு கிடையாது" என்றேன். அதனால் மாதாவுக்கு முன்னால் ஒரு பூந்தோட்டக் காலண்டரைத் தொங்கவிட்டார். ஜாபஸ் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார், இவர் ஃபேனைப் போட்டார். பூந்தோட்டம் ஆட ஆட, மாதா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜாபஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பாவம், சிரித்தார். ஆனால் பார்ட்டி வரும் நேரத்தை என்னிடம் சொல்ல மறந்துவிட்டாரே என் வீட்டுக்காரர்! நான் பாட்டுக்கு உள்ளே புளிக்குழம்புக்கு வத்தலைக் கிள்ளிப் போட்டுவிட்டேன். புகை போக வேறு வழி ஏது, நேரே கூடத்துக்குத்தான் வந்தது. குடும்பமே வரிசையாகத் தும்மியது. ஜாபஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வீடு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அடுப்படி..." என்று இழுத்தவர், அதை முடிக்காமலே தெருவுக்குப் போய்விட்டார்.

அடுத்தது பாண்டிராஜ். "பேரைக் கேட்டாலே தெரியுதே" என்று முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லோரையும் ஏற்றினார். வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து வாசலில் நின்று, "பிரைஸ் தி லார்ட்" என்றார். சாத்தூர் பக்கம் சபை நடத்துகிற பாஸ்டராம். சுவரைப் பார்த்தார், அகஸ்டினைப் பார்த்தார். "நீங்க கிறிஸ்தவக் குடும்பம்னு புரோக்கர் சொன்னாரே தம்பி?" என்று வருத்தமாகக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் வீட்டுக்காரரை முழங்காலில் நிற்கவைத்து, வழி தவறிப்போனவருக்காகத் தலையில் கை வைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் வீட்டைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

சிரிப்பு அன்றோடு சரி. தவக்காலம் தொடங்கிவிட்டது. சூலக்கரையில் இருந்து போன் வந்தது. வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார்கள். இந்த வயதுக்குமேல் நான் நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா? நின்று சமைக்கிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் கேட்டேன். அதுவும் கைநழுவிப் போகிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவதாக வந்தவர்கள் தங்கச்சாமியும் அவர் சம்சாரம் மாரிசெல்வியும். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் உஷார். "பேரு வேண்டாம், சாமி எதுன்னு நேராவே கேட்டுச் சொல்லுங்க" என்று ஜெயபாண்டியிடம் கேட்டுக்கொண்டு மாரியம்மனையும் முருகனையும் மாட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தங்கச்சாமிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை என்பதும் தெரியும். மாரிசெல்விக்கு எங்கே வேலை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உள்ளே வந்த மாரிசெல்வி முதல் காலண்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அட, இது எங்க கம்பெனி அடிச்சதுல்ல!" என்றாள். காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற செக்சனில் பல வருடமாக வேலையாம். தான் அடித்த பட்டைதானா என்று பார்க்கக் காலண்டரைத் தூக்கினாள். பின்னால், தரையில் இருந்து உத்தரம் வரைக்கும் ஒரு விரிசல்.

"அது சும்மா மேலோட்டமா..." என்றார் அகஸ்டின்.

அவள் அடுத்த காலண்டருக்குப் போனாள். தூக்கினாள். காரை பெயர்ந்த செங்கல். அதற்கடுத்தது. ஸ்விட்ச் போர்டு ஓட்டை, அதில் குடியிருந்த பல்லி. கை பழகிப்போனது, காலண்டரைக் கண்டால் தூக்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. அகஸ்டின் பின்னாலேயே ஓடினார். ஜெயபாண்டி உத்தரத்தில் என்னமோ தேடுகிற மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். பிஸ்தா கையில் ஒட்டியது.

திடீரென்று தங்கச்சாமி சிரித்தார். "வெக்கப்படாதீக சார். எங்க வாடகை வீட்டுலயும் இதே கதைதான். மாசத்துக்கு ஒரு பொத்தல், பொத்தலுக்கு ஒரு காலண்டரு" என்றார்.

மாரிசெல்வி அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். பனிமலையைத் தூக்கினாள். நானும் பின்னாலேயே போனேன். கம்மாத் தண்ணீர் நிறம் அந்த மலைக்குப் பின்னால் மட்டும் அடிக்கப்படவில்லை. பழைய வெள்ளையில் பென்சில் கட்டம், கம்பி, அம்புக்குறி எல்லாம் நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது.

"யாரு சார் இம்புட்டு அழகா அளவு எடுத்தது?"

"நாந்தாம்மா" என்றார், கொஞ்சம் பெருமையாக.

"எப்ப எடுத்தீக?"

நான்தான் சொன்னேன். "எங்க கல்யாணம் முடிஞ்சு மறுமாசம்."

மாரிசெல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூடவே அந்த இருட்டையும் கரியையும் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "விரிசலு பொத்தலு எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் சார். இந்தச் சன்னலை மட்டும் ஒடைச்சு வச்சுக் குடுத்துருங்க, வாங்கிக்கிடுறோம். நாள் பூரா கம்பெனில பசை வாடையிலதான் கிடக்கேன். வீட்டுலயும் வந்து என்னால மூச்சு முட்டிக் கிடக்க முடியாது."

"அதுக்கென்னம்மா, நாளைக்கே ஒடைச்சிருவோம்" என்றார் அகஸ்டின்.

நாளைக்கே!

அவர்கள் வாசல் தாண்டும்வரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தாண்டியதும் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கேயா? இத்தனை வருசம் எங்க போயிருந்துச்சு இந்த நாளைக்கு? நான் கேட்டப்ப சீசன். இருமிக்கிட்டே கேட்டப்பயும் சீசன். யாரோ ஒருத்தி வந்து ஒரு வார்த்தை சொல்றா, அவளுக்கு நாளைக்கேயா? நான் என்ன இந்த வீட்டுல வாடகைக்கா இருந்தேன்?" கத்திக்கொண்டே அழுதுவிட்டேன். வீடு விற்கப்போகிறது, ஜன்னல் கிடைக்கப்போகிறது, சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அந்தப் பெண் மேல் பொறாமை தாங்கவில்லை. கேட்டதும் கிடைத்துவிட்டதே அவளுக்கு.

அவர் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். தரையில் உட்கார்ந்து டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பயம் இசபெல்" என்றார். "அப்பா கட்டுன சுவரு. மேல உத்தரம் அதுலதான் நிக்கிதோ என்னமோன்னு ஒரு பயம். வரையுறதுல தப்பு வந்தா ரப்பரை எடுத்து அழிச்சுக்கிடலாம். இடிச்சிட்டுத் தப்பாப் போச்சுன்னா என்னத்தை வச்சு அழிக்கிறது?"

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பயமா இருக்குன்னு பொண்டாட்டிகிட்ட எப்பிடிச் சொல்றது?"

இத்தனை வருடம் நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன், சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், என்மேல் அக்கறை இல்லை என்றுகூட நினைத்தேன். இந்த மனிதருக்கு ஒரு சுவரைக் கண்டு பயம். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. சர்க்கரை இல்லாத காபியைக் குடித்தேன்.

சங்கிலிமுத்து கொத்தனார் வந்தார். நரைத்துப் போயிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உத்தரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். அன்னைக்கே ஒடைச்சிருக்கலாமே, நீங்கதான காலண்டரைக் குடுத்து அனுப்பிச்சீக" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தெருவுக்குப் போய், அணுகுண்டுக்குத் திரி பற்றவைத்த ஆள் மாதிரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். பென்சில் கோட்டின் மேலேயே உளி விழுந்தது. மத்தியானத்துக்குள் சுவரில் வழி விழுந்துவிட்டது.

வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த அறைக்கு இருக்கிற மூலைகள் எல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தன. புகை படிந்த பரணும் எண்ணெய்ப் பிசுக்கேறிய டப்பாக்களும் சீ என்று இருந்தன. தூசி அடங்கியதும் வெளியே பார்த்தேன். ஒரு முருங்கை மரம், துவைகல், கட்டியிருந்த ஓர் ஆடு. துவைகல்லில் இருந்து குருவம்மாள் நிமிர்ந்தாள்.

"அடியாத்தி, நர்சம்மா! இம்புட்டுப் பக்கத்துலயா நின்னு சமைச்சுக்கிட்டு இருந்தீக இம்புட்டு வருசமா?"

அகஸ்டின் மெதுவாக வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "பனிமலை இல்லையே" என்றார்.

"ஆடு இருக்குல்ல, போதும்" என்றேன்.

பத்திரம் முடியும்வரை சில வாரங்கள் அந்த ஜன்னல் என்னுடையதாக இருந்தது. வத்தல் தாளித்தால் புகை முருங்கை மரத்துக்குப் போனது. இருமல் குறைந்தது. குருவம்மாள் கம்பி வழியாக முருங்கைக்காய் நீட்டுவாள், நான் குழம்புக் கிண்ணத்தை நீட்டுவேன். அவள் மருமகள் சண்டை, ஆட்டின் சினை, தெருவில் நடந்தது என்று எல்லாக் கதையும் எனக்கு வந்து சேர்ந்தது. போகாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. ஆனால் முழங்காலுக்குக் கொல்லை தூரம். மாரிசெல்விக்கு வேறு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் வந்து திரைத்துணிக்கு அளவெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சூலக்கரைக்காரருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் நான் கேட்டபடியே நடந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சாமான்கள் லாரியில் ஏறின. கடைசியாக அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள். காலி அறையில் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குருவம்மாள் துவைகல் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஆடு தழை தின்றுகொண்டிருந்தது.

"இசபெல், லாரிக்காரன் சத்தம் போடுறான். கிளம்பு, போவோம்" என்று வாசலில் இருந்து கூப்பிட்டார் அகஸ்டின்.

நான் திரும்பவில்லை.

"சீசன் முடியட்டும்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.